பீடி இல்லாத புகையிலை ஆய்வு

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். தலை நரைத்திருக்கும். பிரிவு உபசார விழாவில் போர்த்திய சால்வை பீரோவில் மடித்திருக்கும். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை, சால்வையும் இல்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஆய்விலிருந்து எனக்கு முறைப்படி ஓய்வு கொடுத்தார்கள். அதற்காக ஒரு குழு கூடியது, விவாதித்தது, தீர்மானம் எழுதியது. அத்தனை மரியாதை கிடைத்த பிறகு நாலு வார்த்தை எழுதாமல் இருப்பது நன்றாக இருக்காது.

கள ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, டேப்லெட்டில் பதில்களை எப்படிப் பதிவது, யாரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். பிஸ்கட்டும் தருவார்கள். அங்கே சொல்லித் தராத சிலவற்றை மட்டும் நான் சொல்கிறேன்.

என் ஊர் கடையத்துக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி போன முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மை மாடத்தி பீடி சுற்றுகிறாள். மடியில் முறம், நாங்கள் சுளகு என்போம், அதில் இலையும் தூளும். எங்கள் தெருவில் பெண்கள் பேசும்போது கை மட்டும் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கைதான் என்னை முதுகலை வரை படிக்க வைத்தது.

படித்து முடித்ததும் கிடைத்தது புகையிலை ஆய்வில் வேலை. தென்காசி, குற்றாலம் பகுதியில் புகையிலைப் பழக்கமும் மின்சிகரெட் பழக்கமும் எப்படி இருக்கின்றன, அரசு நடத்திய விழிப்புணர்வுப் பிரசாரம் எவ்வளவு பலன் தந்தது என்று கண்டறிய வேண்டும். ஆய்வுக்கு நிதி கொடுத்தது சென்னையில் ஓர் அரசு அலுவலகம். பிரசாரம் நடத்தியதும் அதே அலுவலகம்தான். பரீட்சை எழுதிய பையனே தன் விடைத்தாளைத் திருத்த ஆள் வைத்து, அந்த ஆளுக்குச் சம்பளமும் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஓர் ஏற்பாடு. பையன் தேறுவானா மாட்டானா என்ற கவலை யாருக்கும் இல்லாததால் வேலை நிம்மதியாக நடந்தது.

ஆய்வுத் தலைவர் ஒரு பேராசிரியர். அவரை ‘சார்’ என்றே சொல்கிறேன். கெட்டவர் இல்லை. கள வேலைக்கு நானும் அச்சன்புதூர் பாத்திமாவும். நான் எழுதிக் கொடுத்த முதல் வரைவைப் படித்துவிட்டு, “அறிக்கையில ஆசிரியர்கள் பட்டியல்ல உன் பேரையும் போடுறேன்மா” என்று சார் சொன்னார். பெயர் வந்தால் முனைவர் பட்ட விண்ணப்பத்துக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. எனக்குச் சிபாரிசுக்கு வேறு ஆளும் கிடையாது. அன்றைக்கு ராத்திரி அம்மையிடம் சொன்னேன். “பேரு போட்டா சம்பளம் கூடுமா?” என்று கேட்டாள். கூடாது என்றேன். “பின்ன எதுக்கு இந்தச் சிரிப்பு?” என்றாள். ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டில் அவளே சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

ஐந்தருவியில் சீசன் நேரம். சாரல் விடாமல் தூவிக்கொண்டிருந்தது. சிப்ஸ் கடைகளுக்கு நடுவே, புகையிலை ஒழிப்புப் பிரசாரத்துக்காகச் சென்னை அலுவலகம் வைத்த பெரிய விளம்பரப் பலகை. நனையாமல் நிற்க அங்கே இருந்த ஒரே இடம் அந்தப் பலகையின் அடி. டேப்லெட் நனையக் கூடாது என்பதால் எங்களை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஆக, அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களை அந்தப் பலகைக்கு அடியில் நிறுத்தி, நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “புகையிலைக்கு எதிரான அரசு விளம்பரம் எதையாவது பார்த்திருக்கிறீர்களா?”

தலையில் எண்ணெய் வழிய நின்ற ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார். “இந்தா, பாத்துக்கிட்டுத்தானம்மா இருக்கேன்” என்றார்.

பார்த்திருக்கிறார் என்று பதிந்துகொண்டோம். அடுத்தவரும் பார்த்திருந்தார். அதற்கடுத்தவரும். கண் தெரிகிற எல்லோரும் பார்த்திருந்தார்கள். நான் சாருக்கு போன் செய்து, கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிறோம், குடை மட்டும் வாங்கித் தாருங்கள் என்றேன். நிதி ஒதுக்கீட்டில் குடைக்கு இடம் இல்லை என்றார். பின்னால் அறிக்கையில் அந்தப் பகுதிக்கு வந்த தலைப்பு, ‘பிரசாரம் மக்களைச் சென்றடைந்துள்ளது’. உண்மையில் மக்கள்தான் பிரசாரத்தைச் சென்றடைந்தார்கள், மழைக்கு ஒதுங்கி.

மின்சிகரெட் கேள்வி இன்னும் சுகமானது. அது நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். கழுத்தில் அரசாங்க முத்திரை போட்ட அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அரசாங்கம் தடை செய்ததை வைத்திருக்கிறீர்களா என்று நாங்கள் கேட்போம். மதுரையிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் ஒருவரைப் பிடித்தோம்.

“மின்சிகரெட் பயன்படுத்துறீங்களா அண்ணா?”

“சேச்சே. அதத்தான் தடை பண்ணிட்டாங்களே அக்கா.”

“கையில என்ன?”

“பென்டிரைவ்.”

சொல்லிவிட்டு அந்தப் பென்டிரைவை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். சாரலோடு சேர்ந்து மாம்பழ வாசனை வந்தது.

“மாம்பழப் படமா ஏத்தி வச்சிருக்கான் அக்கா” என்றார் கூட இருந்தவர்.

பாத்திமா என்னைப் பார்த்தாள். “என்னட்டி எழுதட்டும்?”

“இல்லைன்னு எழுது. அவங்க வாயால சொன்னதத்தான எழுத முடியும்.”

“வாயில இருந்து வந்த புகைய எங்கன எழுத?”

அதற்கு டேப்லெட்டில் இடம் இல்லை. குற்றாலத்தில் மின்சிகரெட் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை, தடை வெற்றி பெற்றுவிட்டது என்று எங்கள் ஆய்வு கண்டுபிடித்தது. தடை விதித்த அரசின் பணத்தில், தடை பலித்ததா என்று, தடையை மீறுகிறவர்களிடமே கேட்டால் வேறு என்ன வரும்? தம்பி தங்கைகளே, கேள்வியைப் படிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே நின்று கேட்கிறீர்கள், யாருடைய அட்டை உங்கள் கழுத்தில் தொங்குகிறது. பதிலில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இவ்வளவும் சில்லறை. பெரிய விஷயம் பீடி.

எங்கள் கேள்வித்தாளில் முதலில் பீடிக்கென்று ஒரு தனிப் பகுதி இருந்தது. யார் புகைக்கிறார்கள், சுற்றுகிற பெண்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்பதாக இருந்தோம். இந்த மாவட்டத்தில் அதைக் கேட்காமல் புகையிலையைப் பற்றி வேறு எதைக் கேட்க? நாங்கள் களத்தில் இறங்குவதற்கு முன்னால் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். காலையில் அருவியைப் பார்வையிட்டார். மத்தியானம் செங்கோட்டைச் சாலையில் ஒரு பரோட்டாக் கடையில் எங்களோடு உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்வையிட்டார்.

“இது என்ன, பீடி?”

“இந்தப் பக்கம் அதுதான் சார் அதிகம்” என்றார் எங்கள் சார்.

“பீடிங்கறது வாழ்வாதாரம். அதைப் போய்ப் புகையிலையில ஏன் சேர்க்குறீங்க?”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அதுக்குள்ள இருக்கதும் புகையிலைத் தூள்தான் சார்” என்றேன்.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். “நீங்க யாரு?”

“கள ஆய்வாளர் சார்.”

“நல்லது. களத்தப் பாருங்க.”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் பக்கங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. அடுத்த தவணை நிதி சீக்கிரம் வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். பரோட்டா வருவதற்குள் பீடி போய்விட்டது.

அறிக்கையின் முன்பக்கத்தில் ஒரு வரி வரும், எல்லா ஆய்விலும் வரும், நீங்களும் பார்ப்பீர்கள்: ‘இந்த ஆய்வின் வடிவமைப்பில் நிதி அளித்தவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.’ சார் அதைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

“சார், அன்னைக்குப் பரோட்டாக் கடையில…” என்றேன்.

“அது சாப்பாட்டு நேரம்மா. ஆபீஸ் நேரத்துல அவர் எதாவது சொன்னாரா?”

சொல்லவில்லைதான். அதிகாரிகள் சாப்பிடும்போது அரசாங்கமும் வேலையை விட்டுவிட்டு இலையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அறிக்கை அச்சுக்குப் போகும் நேரம். ஆசிரியர்கள், களப்பணியாளர்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழி தர வேண்டும் என்று சென்னையிலிருந்து படிவம் வந்தது. வெளிப்படைத்தன்மைக்காக என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ புகையிலைத் தொழிலிலிருந்து வருமானமோ வேறு பலனோ உண்டா? ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் விவரம் எழுதவும்.

டீ ஆறுவதற்குள் எல்லோரும் ‘இல்லை’ போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். பாத்திமாவும் போட்டாள். அவளுடைய மாமா அருவிக்கரையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். மழை நாளில் அவருக்குச் சிகரெட்டைத் தவிர வேறு வியாபாரம் கிடையாது.

“மாமா குடும்பம் இல்லையாட்டி?” என்று கேட்டேன்.

“கல்யாண வீட்ல குடும்பம். படிவத்துல இல்ல.”

நான் ‘ஆம்’ என்று எழுதினேன். வீராவேசம் எதுவும் இல்லை. வருமானம் உண்டா என்று கேட்டிருந்தது, உண்டு. விவரம் என்ற இடத்தில், ‘என் தாயார் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறார். என் படிப்பு அந்த வருமானத்தில் நடந்தது’ என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

மறுநாள் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இது இதுக்கு இல்லம்மா. பெரிய கம்பெனிக்காரங்க பணத்தைக் கொடுத்து ஆராய்ச்சிய வளைப்பாங்கல்ல, அதைக் கண்டுபிடிக்க.”

“குடும்ப வருமானம்னு கேட்டிருக்கே சார்.”

“கேட்டிருக்கும். ஆனா எல்லாரும் இல்லைன்னு போட்டிருக்காங்க. நீ மட்டும் ஆம்னு போட்டா, புகையிலைக் கம்பெனி நம்ம ஆய்வுக்குள்ள பூந்துருச்சுன்னு ஆயிடும்.”

புகையிலைக் கம்பெனிகளின் சதி என்றால் கண்ணாடிக் கட்டடம், கோட்டு போட்ட ஆட்கள் என்று நான் நினைத்துவைத்திருந்தேன். அந்தச் சதி எங்கள் வீட்டு நடையில் காலை நீட்டி உட்கார்ந்து, ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று எதிர்வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“அம்மா பீடி சுத்துறாங்கன்னு ஒரு வரி அச்சுல வந்தா, படிக்கிறவன் அடுத்து என்ன கேப்பான்?” என்று சார் குரலைத் தாழ்த்தினார். “அப்ப பீடி எங்கேன்னு கேப்பான்.”

அது நல்ல கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. எழுதியதை மாற்ற மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

என் படிவம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. அந்தக் குழு எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? நிதி கொடுத்த அதே சென்னை அலுவலகத்தில், அதிகாரியின் அறைக்கு இரண்டு அறை தள்ளி. அவர்களுடைய விதி தெளிவானது. புகையிலைத் தொழிலோடு தொடர்பு நிரூபணமானால் அந்த நபரின் பெயர் ஆசிரியர்கள் பட்டியலில் வரக் கூடாது. நிரூபணமாகாவிட்டால் ‘இல்லை’ என்று கொள்ளப்படும். ஆகவே என் தாயார் பீடி சுற்றுகிறார் என்பதற்கு அவருடைய முதலாளியிடமிருந்து சான்று வாங்கி வரும்படி எனக்கு மின்னஞ்சல் வந்தது. என்னை வெளியேற்றுவதற்கான ஆதாரத்தை நானே அலைந்து கொண்டுவர வேண்டும். அரசு அலுவலகங்கள் மக்களை நம்புவதில்லை என்று யார் சொன்னது?

பீடிக் கம்பெனிக்காக எங்கள் ஊரில் இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்குகிற கான்ட்ராக்டர் அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். அவர் கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அண்ணாச்சி, அம்மை உங்க கடைக்குச் சுத்துதான்னு ஒரு கடிதம் வேணும்.”

“எந்த அம்மை?”

“மாடத்தி.”

“மாடத்தின்னு நம்ம கடையில யாரும் இல்லியே.”

அன்று காலையில் அம்மை கொண்டுபோய்க் கொடுத்த கட்டுகள் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியாது. பீடி சுற்றுகிறவர் பெயரில் ஒரு பாஸ் புத்தகம் இருக்க வேண்டும். பாஸ் இருந்தால் பி.எஃப்., போனஸ், மருத்துவம் என்று உரிமைகள் வந்துவிடும். அதனால் கான்ட்ராக்டர்கள் பாஸைக் குறைவாகவும் கைகளை அதிகமாகவும் வைத்துக்கொள்வார்கள். அம்மை இத்தனை காலமும் என் அத்தை பெயரில் இருந்த பாஸில் சுற்றினாள்.

“பாஸ் யார் பேர்ல இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

“அத்தை பேர்ல.”

“அப்ப அத்தைதான் சுத்துதா.”

“அத்தைக்குக் கண்ணு தெரியாமப் போயி எவ்வளவு காலமாச்சு அண்ணாச்சி.”

“எனக்கு எப்படித் தெரியும்? பீடி நல்லாத்தான் வருது.”

நான் நகராமல் நின்றேன். அவர் பெருமூச்சு விட்டார். “ஏட்டி, படிச்ச புள்ள நீ. இன்னைக்குக் கடிதம் குடுத்தா நாளைக்கு உங்க அம்மை பி.எஃப். கேப்பா. போயிட்டு வா.”

வீட்டில் வந்து சொன்னேன். அம்மை இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். “நான் இல்லன்னா சொல்லிட்டான்?”

“அத்தை சுத்துதான்னு சொல்லுதாரு.”

“சரிதான். செக்கிங்ல கழிக்கும்போது மட்டும், மாடத்தி உன் பீடி சரியில்லம்பான்.”

முதலாளி சான்று தர மறுக்கிறார் என்று குழுவுக்கு எழுதினேன். என் பங்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் குழுவில் யாரோ கடமை தவறாத ஆள் இருந்திருக்க வேண்டும். அவர்கள் நேராக அண்ணாச்சிக்கே பதிவுத் தபால் அனுப்பிவிட்டார்கள். மேலே அரசு முத்திரை. மாடத்தி என்பவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, எப்போதிலிருந்து, உங்களிடமிருந்து இதுவரை அவர் பெற்ற பலன்கள் யாவை என்று வரிசையாகக் கேள்விகள். அம்மை மூலமாகப் புகையிலைக் கம்பெனி எனக்கு லஞ்சம் கொடுத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கடைசிக் கேள்வி. அண்ணாச்சி அதை அப்படிப் படிக்கவில்லை. ஆராய்ச்சியை எல்லாம் அவர் கண்டாரா? அரசு முத்திரை, மாடத்தி, பலன்கள் யாவை. பி.எஃப். ஆபீஸ் பிடித்துவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் எங்கள் வாசலில் அவர் பைக் வந்து நின்றது. அண்ணாச்சி எங்கள் தெருவுக்குள் வருவதே அபூர்வம்.

“மாடத்தி, இருக்கியாம்மா?”

அம்மை எழுந்திருக்கவில்லை. “என்ன அண்ணாச்சி, கழிச்ச பீடிய எல்லாம் திருப்பித் தர வந்தீயளா?”

“வெளையாடாத. மெட்ராஸ்ல இருந்து காயிதம் வந்திருக்கு. நீ எங்கிட்ட என்னென்ன பலன் வாங்கியிருக்கன்னு கேக்காவ.”

“ஒண்ணும் வாங்கலியே.”

“அதான.”

“அப்ப அதையே எழுதி அனுப்புங்க.”

“ஒண்ணும் குடுக்கலன்னு எழுதுனா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாவ.”

அவர் பையிலிருந்து புதுப் பாஸ் புத்தகம் ஒன்றை எடுத்தார். கம்பெனி முத்திரையோடு, முதல் பக்கத்தில் மாடத்தி என்று அம்மையின் பெயர். “கேட்டா, பாஸ் இருக்குன்னு மட்டும் சொல்லு தாயி” என்றார். அந்தக் கடிதம் பி.எஃப். ஆபீஸிலிருந்து வந்ததல்ல என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். வெளிப்படைத்தன்மைக்கும் வாசற்படி என்று ஒன்று இருக்கிறது.

பல காலமாகப் பீடித் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கேட்டும் கிடைக்காத பாஸ், புகையிலைக் கம்பெனியின் கைக்கூலி என்று என்னைச் சந்தேகித்ததால் கிடைத்தது. எங்கள் ஆய்வால் இந்த மாவட்டத்தில் பலன் அடைந்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அம்மைதான். அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

அண்ணாச்சி பாஸின் நகலைக் குழுவுக்கு அனுப்பினார். பாஸில் அந்த மாதத் தேதி போட்டிருந்தார். பழைய தேதி போட்டால் பழைய பாக்கி எல்லாம் வருமே. நகலைப் பார்த்த சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

“பிரச்சினை தீர்ந்துச்சும்மா. உங்க அம்மா இந்த மாசம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. நம்ம ஆய்வு அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. ஆய்வு நடந்த காலத்துல உனக்குத் தொடர்பே இல்ல. குழுவுலயும் பேசிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. ஆம்ங்கறத அடிச்சிட்டு இல்லைன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. உன் பேரு மூணாவது பேரா வருது.”

ஆசிரியர்கள் பக்கத்தைக் கணினியில் திறந்து காட்டினார். என் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பாத்திமா பக்கத்து மேசையிலிருந்து கண்ணாலேயே ‘போடுட்டி’ என்றாள்.

இதுதான் தம்பி தங்கைகளே, பயிற்சி வகுப்பில் வராத இடம். தப்பாக எழுது என்று யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எல்லா ஆவணமும் சரியாக இருக்கும். விதி உங்கள் பக்கம் இருக்கும். எதிரில் இருப்பவர் உங்களுக்கு நல்லது செய்கிறவராக இருப்பார். யோசிக்கக் கிடைப்பது ஒரு பேனா மூடியைக் கழற்றும் நேரம்தான். அந்த நேரத்தில் எனக்கு நீதி, நேர்மை எதுவும் ஞாபகம் வரவில்லை. ‘மாடத்தின்னு நம்ம கடையில யாரும் இல்லியே’ என்ற குரல்தான் வந்தது. நான் ‘இல்லை’ என்று எழுதினால் அதே வாக்கியத்தை நானும் சொல்கிறேன் என்று அர்த்தம். அண்ணாச்சி வாயால்தான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும், அவள் படிக்க வைத்ததால் வந்த கையெழுத்தில்.

“நான் எழுதினது அப்படியே இருக்கட்டும் சார்.”

“பேரு போயிடும்மா. யோசிச்சுக்கோ.”

“யோசிச்சிட்டேன் சார். எங்க அம்மை பத்தி நான் எழுதின வரியோட என் பேரைப் போடுங்க. அது முடியலன்னா ரெண்டையும் எடுத்துருங்க.”

“இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்கா” என்றார். பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதற்குத்தான் முதலில் சொன்ன அந்தத் தீர்மானம். புகையிலைத் தொழிலோடு தொடர்பு இருப்பதாகத் தாமே ஒப்புக்கொண்ட நபர் ஆய்வின் நடுநிலைமையைக் கருதி விடுவிக்கப்படுகிறார் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். பீடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத புகையிலை ஆய்வின் நடுநிலைமை என்னால் கெட்டுவிடக் கூடாது அல்லவா?

இப்போது நான் வேறொரு நிறுவனத்தில் கள வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களோடு நானும் களத்துக்குப் போவேன். படிவத்தில் ‘ஆம்’ போடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், உங்கள் பெயர் போனால் அதை நான் திருப்பித் தர முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும் யார் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள், பார்த்துவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். கேட்காமல் விட்ட கேள்வி எது என்று பாருங்கள். பணம் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அறிக்கை வெளிவந்ததும் பாத்திமா ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். வழவழப்பான தாள், அட்டையில் அருவிப் படம். வீட்டில் அம்மை கேட்டாள். “ஒன் பேரு எங்கன இருக்கு, காட்டு.”

“இல்லம்மா. எடுத்துட்டாவ.”

“நீ எழுதுனதுதான இதெல்லாம்?”

“கொஞ்சம் நான் எழுதினது.”

“ஒண்ணுமே போடலியா?”

கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தேன். ‘ஆய்வுக்கு ஒத்துழைத்த களப்பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.’

“அதுல நீ எங்க இருக்க?”

“அனைவருக்கும்ங்கறதுல இருக்கேன்.”

அம்மை அந்தப் பக்கத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு அறிக்கையை மூடி என் மடியில் வைத்துவிட்டு, சுளகை இழுத்துக்கொண்டாள்.

“ஏட்டி போ, இதுக்கு அந்தப் பீடிக்காரனே தேவல. நான் சுத்துதேன்னு என் பேரையாவது எழுதிக் குடுத்தான்.”